திக்கிப் பேசும் வளரிளம் பிள்ளையின் மனச்சுமைக்கு உதவி தேடுவது எப்படி: வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

12 முதல் 18 வயதுக்குள் இருக்கும் மகனோ மகளோ திக்கிப் பேசினால் எங்கே அழைத்துச் செல்வது, எந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொள்வது, எவ்வளவு செலவாகும், எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை ஒரே இடத்தில் சொல்லும் குறிப்பு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. தண்டையார்பேட்டையில் வசிக்கும் நாங்கள் எங்கள் மகனுக்காக ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு அலைந்து தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர் பக்கம் இருக்கும் பெற்றோராவது இந்த அலைச்சல் இல்லாமல் உதவியைப் பெற வேண்டும்.

புறப்படும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. அப்படித் தொடங்கிய குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் அதுவே மறைந்துவிடுகிறது. மக்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு அது தங்கிவிடுகிறது. பேச்சை ஒருங்கிணைக்கும் மூளை இயக்கமும் பரம்பரையும் இதற்குக் காரணம் என்பதே இன்றைய மருத்துவ அறிவு. சிறு வயதில் பயந்ததாலோ, தாய் வேலைக்குப் போனதாலோ, அப்பா கண்டிப்பாக இருந்ததாலோ திக்கல் வருவதில்லை. ஆனால் பல ஆண்டுகளாகத் திக்கியதன் விளைவாகப் பயமும் வெட்கமும் வருகின்றன, வளரிளம் பருவத்தில் அந்த விளைவு திக்கலைவிடப் பெரிய சுமையாகிவிடுகிறது. பேச்சுக்கு மட்டும் பயிற்சி தேடிக்கொண்டு இந்தச் சுமையை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது.

1. திக்கலை எண்ணாதீர்கள், தவிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் இரண்டு வாரங்களுக்கு எந்த மருத்துவமனைக்கும் போக வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, உங்கள் பிள்ளை எங்கெல்லாம் பேசாமல் ஒதுங்குகிறான் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். எத்தனை முறை திக்கினான் என்பதை எழுத வேண்டாம். அது நாளுக்கு நாள் மாறும், அதை எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் பிள்ளை உங்களிடமும் வாய் திறக்க மாட்டான்.

தவிர்ப்பு பல வடிவங்களில் வரும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். என் மகனுக்குத் 'தண்டையார்பேட்டை' என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே பேச்சு நின்றுவிடும். அதனால் பேருந்தில் நடத்துநரிடம் 'அகஸ்தியா' என்று கேட்டு, அந்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்து வருவான். பிறகு மெட்ரோவுக்குப் பணம் கேட்க ஆரம்பித்தான். அட்டையைத் தேய்த்தால் கதவு திறந்துவிடும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் அதற்குக் காரணம். கடையில் பொருளைக் கையால் காட்டி வாங்குவது, செல்பேசி அழைப்பை எடுக்காமல் வாட்ஸ்ஆப்பில் பதில் அனுப்புவது, விடை தெரிந்தும் வகுப்பில் "தெரியாது சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவது, வாசிக்கச் சொல்லும் பாடவேளைக்கு முன் வயிற்றுவலி வருவது, சொல்ல வந்த சொல்லை விட்டுவிட்டு வேறொரு சொல்லால் சுற்றிப் பேசுவது ஆகிய எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், அவரும் திக்கிப் பேசியவர், திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் விழும் திக்கல் நீருக்கு மேலே தெரியும் சிறு பகுதி. பயம், அவமானம், குற்ற உணர்வு ஆகியவை நீருக்கு அடியில் இருக்கும் பெரும்பகுதி. உங்கள் நோட்டு அந்த அடிப்பகுதியின் பதிவு. மருத்துவரிடம் நீங்கள் கொண்டுபோகும் தாள்களில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. "இப்போதெல்லாம் முன்பு மாதிரித் திக்குவதில்லை" என்று தோன்றினால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். திக்கல் குறைந்திருக்கலாம், பேச்சே குறைந்திருக்கவும் கூடும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. இந்த வயதில் திக்கிப் பேசுவோரில் ஏறத்தாழ நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற அளவில்தான் இருக்கிறார்கள் என்பதால், அமைதியாக இருக்கும் பெண்ணை "அடக்கமான பிள்ளை" என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

2. பிள்ளையின் சம்மதத்தைக் கேளுங்கள்

பதினான்கு வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்று யார் முன்னாலும் உட்கார வைக்கலாம். ஆனால் பேச வைக்க முடியாது. பல வீடுகளில் திக்கலைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, பேசினால் பிள்ளையின் மனம் நோகும் என்று நினைக்கிறோம். அந்த மௌனத்தைப் பிள்ளை, தன்னிடம் இருப்பது வாயால் சொல்லக்கூடக் கூடாத ஒரு குறை என்று எடுத்துக்கொள்கிறது.

பேச வேண்டியதை நீட்டி முழக்காமல், வேறு யாரும் இல்லாத நேரத்தில், நேருக்கு நேர் உட்காராமல், இருவரும் நடந்துகொண்டோ வேலை செய்துகொண்டோ இருக்கும்போது சொல்லுங்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "பேசும்போது சில நேரம் உனக்கு வார்த்தை நிக்குதுன்னு எனக்குத் தெரியும் கண்ணு. அது உன் தப்பு இல்ல. அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. நீ சரின்னு சொல்றப்போ போகலாம்." அன்று அவன் பதில் சொல்லவில்லை. பல நாள் கழித்து அவனே, "அங்க போனா எல்லார் முன்னாடியும் படிக்கச் சொல்வாங்களா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வி வரும்வரை காத்திருப்பது நல்லது.

3. எடுத்துச் செல்ல வேண்டியவை

பிள்ளையின் ஆதார் அட்டை, பள்ளி அடையாள அட்டை, முன்பு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ காட்டியிருந்தால் அந்தச் சீட்டுகள், இப்போது ஏதேனும் மாத்திரை சாப்பிட்டால் அதன் பெயர் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இவற்றோடு ஒரு பக்கக் குறிப்பு ஒன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். எந்த வயதில் திக்கல் தொடங்கியது, குடும்பத்தில் வேறு யாருக்கு இருக்கிறது, எந்தச் சூழலில் கூடுகிறது, எந்தச் சூழலில் குறைகிறது, பிள்ளை எதையெல்லாம் விட்டுவிட்டான் என்பவை அதில் இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களை இந்தக் குறிப்பு காப்பாற்றும். அதைவிட முக்கியமாக, பிள்ளையை அருகில் உட்கார வைத்துக்கொண்டு அவன் குறைகளை வாய்விட்டு அடுக்க வேண்டிய நிலையைத் தவிர்க்கும்.

வீட்டில் இயல்பாகப் பேசும்போது எடுத்த இரண்டு மூன்று நிமிட ஒலிப்பதிவும் வேண்டும். பிள்ளைக்குத் தெரிந்து, அவன் சம்மதித்த பிறகே எடுங்கள். திக்கல் இடத்துக்கு இடம் மாறுவது. மருத்துவர் முன்னால் அன்று சரளமாகப் பேசிவிட்டால் "ஒன்றும் இல்லையே, நன்றாகத்தானே பேசுகிறான்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு ஓரிடத்தில் அப்படித்தான் நடந்தது.

4. எங்கே போவது

செலவில்லாமல் தொடங்க விரும்பினால், நம் பகுதிக்கு அருகில் இருப்பவை பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் ஆகும். எந்த அரசு மருத்துவமனையானாலும், பொதுவாகக் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் புறநோயாளிச் சீட்டுப் போட்டு, அங்கிருந்து பேச்சுப் பயிற்சிக்கு எழுதி வாங்குவதே வழி. முதலில் செவித்திறனைச் சோதிப்பார்கள். அதைத் தேவையற்றது என்று நினைத்து மறுக்காதீர்கள். புறநோயாளிப் பிரிவு காலையில் நடப்பது என்பதால், முதல் நாளுக்கு முழு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளித் தேர்வு வாரத்தில் போக வேண்டாம்.

பேச்சு, செவியியல் பட்டப்படிப்பு நடத்தும் நிறுவனங்களின் சிகிச்சையகங்கள் அடுத்த வழி. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் இதற்கெனத் தனித் துறை இருக்கிறது. ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து போரூருக்கு வாரந்தோறும் போய் வருவது எளிதல்ல. பேச்சுப் பயிற்சி பல மாதம் நீடிப்பது. சிறந்த இடம் என்று தூரத்தில் ஒன்றைப் பிடித்து மூன்றாவது வாரம் நிறுத்திவிடுவதைவிட, பெரம்பூரிலோ வண்ணாரப்பேட்டையிலோ தகுதியுள்ள ஒருவரிடம் தொடர்ந்து போவதே நல்லது என்பது என் முடிவு.

தகுதி என்பதைக் கட்டாயம் சரிபாருங்கள். பேச்சுப் பயிற்சியாளர், பேச்சு, செவியியலுக்கான இளநிலைப் பட்டமான பி.ஏ.எஸ்.எல்.பி. அல்லது முதுநிலைப் பட்டமான எம்.ஏ.எஸ்.எல்.பி. படித்தவராகவும், இந்திய மறுவாழ்வு மன்றமான ஆர்.சி.ஐ.யில் பதிவு பெற்றவராகவும் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "வளரிளம் பருவத்தில் திக்குபவர்களுடன் வேலை செய்திருக்கிறீர்களா?" என்றும் கேளுங்கள். சிறு குழந்தைகளின் பேச்சுத் தாமதத்தை மட்டுமே பார்த்துப் பழகியவரிடம் போனால், பதினைந்து வயதுப் பையனை பொம்மைப் படங்கள் ஒட்டிய அறையில் குட்டி நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அவன் மறுமுறை வர மாட்டான்.

5. முதல் மதிப்பீட்டு நாள்

பயிற்சியாளர் பிள்ளையை வாசிக்கச் சொல்வார், இயல்பாகப் பேசச் சொல்வார், கண்ணை மூடுவது, தாடையை இறுக்குவது, தொடையில் தட்டுவது போன்ற துணை அசைவுகளைக் கவனிப்பார். இதோடு முடித்துவிட்டால் அது பாதி மதிப்பீடுதான். திக்கல் அன்றாட வாழ்வை எப்படிப் பாதிக்கிறது என்பதை அளக்கும் வினாத்தாள்கள் இருக்கின்றன, ஓ.ஏ.எஸ்.இ.எஸ். என்ற வினாத்தாளில் 13 முதல் 17 வயதினருக்கென்றே ஒரு வடிவம் உண்டு. அதைப் பயன்படுத்துகிறாரா, அல்லது அதே கேள்விகளைத் தமிழில் வாய்வழியாகக் கேட்பாரா என்று விசாரியுங்கள்.

பாதி நேரம் நீங்கள் வெளியில் இருக்க அனுமதி கேளுங்கள். பெற்றோர் முன்னால் சொல்ல முடியாதவை இந்த வயதில் நிறைய இருக்கும். வெளியே வந்ததும் "உள்ளே என்ன கேட்டாங்க?" என்று துருவ வேண்டாம்.

எந்த முறையில் பயிற்சி தருவார் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். பேச்சின் வேகத்தையும் மூச்சையும் தொடக்க ஒலியின் மென்மையையும் மாற்றிச் சரளத்தை வளர்ப்பது ஒரு வகை. திக்கும்போது போராடாமல், இறுக்கத்தைத் தளர்த்தி, எளிதாகத் திக்கிவிட்டு மேலே போகக் கற்பது இன்னொரு வகை. அமெரிக்கப் பேச்சு சிகிச்சை நிபுணர் சார்லஸ் வான் ரைப்பர் வகுத்த இந்த இரண்டாவது வழியில், பயம் தெளிவதற்காக வேண்டுமென்றே திக்கிப் பார்ப்பதும் ஒரு பயிற்சி. முதன்முதலில் கேட்கும் பெற்றோருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். "திக்கலை நிறுத்தத்தானே வந்தோம்?" என்று பிள்ளை எதிரில் வாதாடாமல், தனியே விளக்கம் கேளுங்கள். இரண்டு வகையையும் கலந்து தருபவரே வளரிளம் பிள்ளைக்குப் பொருத்தமானவர் என்று நினைக்கிறேன். சரளத்தை மட்டுமே இலக்காக வைத்தால், திக்கிய ஒவ்வொரு முறையும் பிள்ளை தோற்றதாகவே உணரும்.

6. மனநல உதவியையும் சேர்த்தே தொடங்குங்கள்

"முதலில் பேச்சு சரியாகட்டும், பயம் தானே போய்விடும்" என்று பலர் சொல்வார்கள். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், திக்கிப் பேசும் பெரியவர்களுக்கு எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் சிகிச்சையைச் சேர்த்துத் தந்தபோது அவர்களின் சமூக அச்சம் நன்றாகக் குறைந்தது. திக்கலின் அளவு அதனால் கூடுதலாகக் குறையவில்லை. பயம் என்பது தனியாகக் கவனிக்க வேண்டியது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

சிகிச்சையில் நடப்பது எளிமையானது, ஆனால் பொறுமை தேவைப்படுவது. பிள்ளை பயப்படும் சூழல்களைக் குறைந்த பயத்திலிருந்து கூடிய பயம் வரை வரிசைப்படுத்துவார்கள். மிக எளிய படியிலிருந்து தொடங்குவார்கள். என் மகனின் முதல் படி, தெருமுனைப் பால் பூத்தில் "அரை லிட்டர் பச்சை" என்று வாயால் கேட்பது. திக்கினாலும் பரவாயில்லை, விரலால் காட்டக் கூடாது என்பது மட்டுமே விதி. போவதற்கு முன் "கடைக்காரர் என்ன செய்வார் என்று நினைக்கிறாய்?" என்று எழுத வைத்தார்கள், "சிரிப்பார்" என்று எழுதினான். திரும்பி வந்து, நடந்ததை எழுத வைத்தார்கள். "சில்லறை இல்லையா என்று கேட்டார்" என்று எழுதினான். இப்படித் திரும்பத் திரும்ப எழுதியதில்தான் அவன் எண்ணம் தளரத் தொடங்கியது.

அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் புறநோயாளியாகக் காட்டலாம். கீழ்ப்பாக்கம் என்ற பெயரைக் கேட்டதும் உறவினர் முகம் சுளிப்பார்கள் என்பதற்காக ஒதுக்காதீர்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். செல்பேசியில் பேசுவதே பிள்ளைக்குப் பெரும் அச்சமாக இருக்கும் என்பதால் முதல் அழைப்பை நீங்கள் செய்யுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. பள்ளிக்குப் போகவே மறுப்பது, தூக்கமும் சாப்பாடும் குலைவது, நண்பர்கள் எல்லாரையும் விட்டுவிடுவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்பது போல ஒரு சொல் வருவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் பேச்சுப் பயிற்சியின் முறைக்காகக் காத்திராமல் அன்றே மனநல மருத்துவரிடம் போங்கள்.

7. செலவு, காலம், பணப் பொறிகள்

அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டுக்கும் பயிற்சிக்கும் கட்டணம் இல்லை. உங்கள் நேரமும் பயணமும்தான் செலவு. தனியாரிடம் நான் விசாரித்த இடங்களில் ஓர் அமர்வுக்கு 500 முதல் 1,000 ரூபாய் வரை கேட்டார்கள். உளவியல் ஆலோசனைக்கு அதைவிடக் கூடுதல். முதல் மதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதைச் செல்பேசியிலேயே கேட்டுவிடுங்கள். வாரம் ஓர் அமர்வு என்று வைத்தாலும், மாற்றம் தெரியச் சில மாதங்கள் ஆகும் என்று எண்ணிப் பணத்தையும் விடுப்பையும் திட்டமிடுங்கள். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையாக இருந்தால் ஜூன், ஜூலையில் தொடங்கினால்தான் செய்முறைத் தேர்வு வரும்போது ஓரளவு தைரியம் வந்திருக்கும்.

"15 நாளில் திக்குவாய் முற்றிலும் குணம்" என்று சுவரொட்டியிலும் யூடியூபிலும் வரும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். தாளம் போட்டுப் பேசுவது, இழுத்து இழுத்துப் பேசுவது போன்ற உத்திகளால் சில நாள் யாருக்குமே சரளம் வரும். திக்குபவர் பாடும்போதும் பிறரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் திக்குவதில்லை என்பது நெடுநாளாகத் தெரிந்ததே. அதைக் காட்டிப் பணம் வாங்குகிறார்கள். வீடு திரும்பிய பின் திக்கல் மீண்டும் வரும்போது, "நான் சரியாகப் பயிற்சி செய்யவில்லை" என்று பிள்ளை தன்னையே நொந்துகொள்கிறது. பணம் போனதைவிட அந்தக் காயமே பெரிது. மொத்தமாகப் பணம் கேட்கும் எவரிடமும் சேராமல், அமர்வுக்கு அமர்வு கட்டி ரசீது வாங்குங்கள்.

நாக்கில் வசம்பு தேய்ப்பதும், வாயில் கூழாங்கல் போட்டுப் பேச வைப்பதும் திக்கலைத் தீர்ப்பதில்லை. நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை வெட்டினால் திக்கல் போய்விடும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். திக்கலுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுவரை அனுமதித்த மாத்திரை ஒன்றுகூட இல்லை. மனநல மருத்துவர் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து தந்தால் அது வேறு விஷயம், அதை இடையில் நிறுத்தக் கூடாது.

8. வீட்டில்

"மெதுவாப் பேசு", "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு", "பதறாதே" ஆகிய மூன்றையும் வீட்டில் எல்லாரும் நிறுத்த வேண்டும். சொல்பவரின் அன்பு உண்மையானது. பிள்ளைக்குக் கேட்பதோ "நீ பேசும் விதம் தவறு" என்பது மட்டும்தான். சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். கண்ணைப் பார்த்துக் காத்திருந்து, சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். பாட்டி, தாத்தாவிடம் இதைத் தனியே சொல்லிப் புரிய வைப்பது உங்கள் வேலை. திருமண வீட்டில் செல்பேசியை நீட்டி "மாமாகிட்ட ரெண்டு வார்த்தை பேசு" என்று கூட்டத்தின் நடுவில் கட்டாயப்படுத்தவும் கூடாது. எல்லா அழைப்பையும் பிள்ளை சார்பில் நீங்களே பேசிவிடவும் கூடாது. முன்னது அவமானத்தையும் பின்னது தவிர்ப்பையும் வளர்க்கும்.

தன்னைப் போல் வேறு யாரும் இல்லை என்ற எண்ணம் இந்த வயதில் மிகவும் வாட்டும். இந்தியத் திக்குவோர் சங்கமான 'டிசா' 2008 முதல் தன்னுதவிக் குழுக்களை ஊக்குவித்துவருகிறது. இணையவழிக் கூட்டங்களும் நடக்கின்றன. வயதில் மூத்த ஒருவர் திக்கிக்கொண்டே தன் வேலையைப் பற்றிப் பேசுவதை ஒரு மணி நேரம் கேட்பது, நாம் சொல்லும் எந்த ஆறுதலையும்விடப் பிள்ளைக்கு உதவும். முதல் கூட்டத்தில் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க அனுமதி கேட்டு வாங்குங்கள்.

9. பள்ளிக்கு ஒரு கடிதம்

பள்ளியில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது போதாது. ஆசிரியர் நல்லவராக இருந்தாலும் மறந்துவிடுவார், மாற்று ஆசிரியருக்குத் தெரியாது. வகுப்பாசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதி, பேச்சுப் பயிற்சியாளரின் குறிப்பை இணைத்து, நகலில் தேதியோடு கையொப்பம் பெறுங்கள். எதைக் கேட்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நாங்கள் எழுதியதன் சாரம் இது:

"என் மகன் திக்கிப் பேசுவான். விடை தெரிந்தாலும் சொல்ல நேரமாகும். அவன் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டுகிறேன். வருகைப் பதிவின்போது கை உயர்த்த அனுமதியுங்கள். வாசிக்கச் சொல்லும் முறை வரிசைப்படி வராமல், முதல் நாளே அவனுக்குச் சொல்லிவிட்டால் ஆயத்தமாக வருவான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை வரும்போது இன்னொரு மாணவருடன் சேர்ந்து வாசிக்க அனுமதியுங்கள். செய்முறைத் தேர்வின் வாய்மொழிக் கேள்விகளுக்கு முன் தேர்வாளரிடம் இதைத் தெரிவியுங்கள். வகுப்பில் யாராவது அவனைப் போல் பேசிக் காட்டிக் கேலி செய்தால், அவனை எழுப்பி விசாரிக்காமல் தனியே கவனியுங்கள்."

"இவனிடம் எதுவும் கேட்க வேண்டாம்" என்று முழு விலக்குக் கேட்காதீர்கள். அது அன்றைக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் பிள்ளை அந்த வகுப்பில் இல்லாதவனாகிவிடுவான். கேலி எல்லை மீறி, பள்ளியும் கண்டுகொள்ளாவிட்டால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கினால் தேர்வுச் சலுகை கிடைக்குமே என்று பலர் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டை, குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் மொழி இழத்தல் போன்றவற்றால் வரும் நிரந்தரக் குறைபாடு என்று வரையறுக்கிறது. திக்கல் மட்டும் இருக்கும் பிள்ளைக்காக அதன் பின்னால் மாதக்கணக்கில் அலைவதைவிட, அந்த நேரத்தைப் பயிற்சிக்குக் கொடுங்கள் என்றே நான் சொல்வேன்.

கடிதத்தைப் பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு வகுப்பாசிரியர் மாறுவார். பழைய கடிதத்தைப் பிள்ளையிடம் காட்டி, எந்த வரி இனித் தேவையில்லை என்று கேட்டு அடித்துவிட்டு, புதிதாக எழுதிக் கொடுங்கள்.